ரெண்டாம் பிரேக்கும் சூதாடும் பள்ளிக்கூடமும்

ஒரு தொடர் தனக்குப் பிடிக்கவே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்ட ஒரு மனிதர், அதைக் கடைசிப் பாகம் வரைக்கும் உட்கார்ந்து ஏன் பார்த்தார்? என்னோடு படித்த அவருடைய மகள் இதை என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெற்ற மகளுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? பிறகு நடந்ததை அவள் சொன்னபோதுதான் விஷயம் பிடிபட்டது. அவள் கண்ணால் பார்த்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஆனால் இது அவளுடைய கதை அல்ல, அவள் அப்பாவுடைய கதை.

அப்பா கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். கூரைமேல் பலகை வைத்த வெள்ளைக் கார் ஒன்றில் காலை முதல் மாலை வரை ஊர் சுற்றுவார். ஆனால் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். கற்றுக்கொள்ள வருகிறவர் ஓட்டுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வரும்போது கற்றுக்கொள்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டால், இவர் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே காலால் வண்டியை நிறுத்திவிடுவார். அதனால் அவரிடம் படித்தவர்கள் அவருக்கு 'ரெண்டாம் பிரேக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். ஒரு மாதிரி பெருமைதான்.

தொல்லை என்னவென்றால், அந்தக் கால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வேலையை விடுவதில்லை. அடுப்பில் பால் பொங்கினால் மற்றவர்கள் அணைக்க ஓடுவார்கள். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தரையை அழுத்துவார். செய்தியில் பெட்ரோல் விலை ஏறினால் அழுத்துவார். மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டு, கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகலாமென்று பார்க்கிறேன் என்றால் நன்றாகவே அழுத்துவார். சோபாவுக்கு முன்னால் விரித்திருந்த விரிப்பில் அவர் வலது காலுக்கு நேரே ஓர் இடம் வெளுத்துப்போய்க் கிடந்தது. மகளுக்கும் அவர்தான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு எல்லாம் வந்தது, பிரேக் போட மட்டும் வரவில்லை. அவள் கால் போவதற்குள் அவர் கால் போய்விடும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமான புதிதில், கட்டிலில் ஜன்னல் பக்கம் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் பெரிய வழக்கு வந்ததாம். முன்பு குடியிருந்தவர்கள் இழுப்பறையில் விட்டுப்போன சீட்டுக்கட்டு ஒன்று கிடைத்தது. ரம்மி ஆடினார்கள். அம்மா ஜெயித்தாள். அன்றிலிருந்து பேசித் தீராத எதையும் அந்த வீட்டில் சீட்டில் வைத்துத்தான் தீர்ப்பார்கள். சீட்டில் வைத்த விஷயத்தைப் பற்றி ஆட்டம் முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டால் ஆட்டம் நடக்காது, சண்டைதான் நடக்கும் என்று அம்மா சொல்வாள். யாரைப் பற்றிய விஷயமோ அவர் சீட்டைத் தொடவும் கூடாது. கட்டில் வழக்குக்குப் பிறகு சேர்த்துக்கொண்ட திருத்தம் அது. தொடக் கூடாதவருக்காக வேறொருவர் ஆடுவார்.

எல்லா ஆட்டத்திலும் அம்மாதான் ஜெயித்தாள். சமையலறைச் சுவரின் பச்சை அவள் ஜெயித்தது. மீன் தொட்டி வேண்டாம் பூனை போதும் என்பது அவள் ஜெயித்தது. சோபாவை ஜன்னலோரம் போடக்கூடாது என்பதும்தான். அப்பா ஒவ்வொரு தடவையும் தோற்று, தலையைச் சொறிந்துகொண்டு, நல்லாத்தான் ஆடுறே என்று பாராட்டிவிட்டுப் போவார்.

மகள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். கைக்கு வந்து சேர்ந்த ராணியை, அது இருந்தால் ஆட்டமே முடிந்துவிடும் என்கிற ராணியை, அவர் தூக்கிக் கீழே போட்டார். அம்மா எடுத்துக்கொண்டு ஜெயித்தாள். பிறகு மகள் அவரை வாசலில் வைத்து ஏன் என்று கேட்டாள்.

"உங்கம்மா தோத்தா தூங்கமாட்டா, கண்ணு. பொரண்டு பொரண்டு படுப்பா. கட்டில் போடுற சத்தத்துல என் தூக்கமும் போயிடும். அப்புறம் நான் ஜெயிச்சு என்ன பிரயோஜனம்?"

அது அவர்கள் இருவருக்குள் இருந்த ரகசியம். அவர் தோற்கவே பழகியவர் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பள்ளி முடிந்த வருஷம் அந்த ரகசியமே அவளுக்கு வினையாக வந்தது.

அவளுக்கு வேறோர் ஊரில், அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் போன்ற படங்களுக்கு வரையச் சொல்லித்தரும் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்கள். அம்மா முடியாது என்றாள். அம்மா மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவள். காரணங்களையும் மாத்திரை அட்டை மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எழுப்பாமல் எழுந்திருக்கத் தெரியாது. சாவியை எங்கே வைத்தோமென்று தெரியாது. காய்ச்சல் வந்தால் சொல்லக்கூடத் தெரியாது, முகத்தைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே யார் முகத்தைப் பார்ப்பார்கள்?

மகள் அப்போது ஓர் அனிமே தொடரைப் பார்த்து முடித்த சூட்டில் இருந்தாள். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடம். அங்கே மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. சூதாட்டத்தில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள்தான் ராஜா. தோற்றவர்களுடைய நாற்காலியைப் பறித்துவிடுவார்கள், அவர்கள் வருஷம் முழுக்க நின்றுகொண்டே படிக்க வேண்டும். வெள்ளி நிறக் கூந்தல் வைத்த ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்து, எல்லாவற்றையும் பணயம் வைத்து ஒவ்வொருவராகத் தோற்கடிப்பாள். மகளும் அந்தப் பெண்ணைப் போலவே இழுப்பறையைத் திறந்து, சீட்டுக்கட்டை எடுத்து, சாப்பாட்டு மேஜைமேல் பட்டென்று வைத்தாள்.

"சீட்டுல வச்சுக்கலாம்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "சரி. ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

சொன்ன பிறகுதான் மகளுக்கு உறைத்தது. விஷயம் அவளைப் பற்றியது. அவள் சீட்டைத் தொட முடியாது. அவளுக்காக ஆட வேண்டியவர் அப்பா. திரும்பிப் பார்த்தாள். அப்பா தரையை அழுத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தவர் முகம் கழுவிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தச் சூதாட்டப் பள்ளிக்கூடத்தப் போடு, பாப்போம்" என்றார். அவள் முதல் பாகத்திலிருந்து போட்டாள். கீழே ஓடுகிற பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்பதால் அவளே வாசித்துச் சொன்னாள். பாதியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது: பிடிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

அவருடைய முதல் ஆட்சேபம் வாத்தியார் பற்றியது. இவ்வளவு பெரிய பள்ளிக்கூடம், சரவிளக்கு தொங்குகிறது, படிக்கட்டில் சிவப்புக் கம்பளம் போட்டிருக்கிறார்கள், ஒரு வாத்தியாரைக் காணோமே? வருவார்ப்பா, என்று மகள் சமாளித்தாள். வரவில்லை. ஒவ்வொரு பாகம் தொடங்கும்போதும் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இன்னைக்காவது வாத்தியார் வந்தாரா என்று விசாரித்தார். நீண்ட விடுப்பில் போயிருக்கிறார் போல, பாவம், என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அடுத்தது நாற்காலி. தொடர் பாதியைத் தாண்டியபோது வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கும் கால் வலிக்கவில்லையே என்று கவலைப்பட்டார். வீட்டுக்குப் போனால், ஏன் கால் வீங்கியிருக்கிறது என்று கேட்க ஓர் அம்மாகூடவா இல்லை? "வீடே இல்லாத பிள்ளைங்களா இருக்கே" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கேலி இல்லை. மூன்று தடவை பார்த்தும் மகளுக்கு அது தோன்றியதே இல்லை.

கேலிக்கு மற்றவை இருந்தன. ஏமாற்றினவன் மாட்டிக்கொண்டதும், எப்படி ஏமாற்றினேன் என்று சாவகாசமாக விளக்குவான். என்னிடம் படிக்கிறவர்கள் போய்ச் சுவரில் மோதினால், சுவர்தான் வந்து மோதியது என்பார்கள், இவ்வளவு நேர்மையான திருடர்களை நான் பார்த்ததில்லை என்றார் அப்பா. ஆட்டம் சூடு பிடித்தால் எல்லோருடைய கண்ணும் பிதுங்கி, நிறம் மாறி, விளக்குப் போல எரியும். இந்த ஊரில் கண் டாக்டரும் விடுப்பில் போயிருக்கிறார் என்றார்.

மகளுக்குக் கோபம் வந்தது. பெரியவர்கள் செய்கிற அநியாயத்தைப் பிள்ளைகளை வைத்துக் கேலி செய்கிறார்கள், அது புரியவில்லையா என்று கேட்டாள்.

"கேலின்னா நமக்குச் சிரிப்பு வரணுமே. இவங்க மட்டும்தானே சிரிக்கிறாங்க?" என்றார் அப்பா. "அதுவும் போகட்டும். அந்த வெள்ளிமுடிப் பொண்ணுக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எதிராளி என்ன சீட்டு வச்சிருக்கான், எங்க ஒளிச்சிருக்கான், எல்லாம். தெரிஞ்சுக்கிட்டு ஆடுறதுக்குப் பேரு சூதாட்டமா? பரீட்சையில பாத்து எழுதுறது அது. அவ எதையுமே பணயம் வைக்கல, வச்ச மாதிரி காட்டுறா."

அது நிஜம்தான் என்று மகளுக்கே தெரியும். ஒத்துக்கொண்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று, ஓடிக்கொண்டிருந்த காட்சியை நிறுத்திப் பேச்சை மாற்றினாள். திரையில் இரண்டு கைகள் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தன. கதையை விடுங்கள், இந்தக் கையைப் பாருங்கள் என்றாள். சுண்டுவிரல் கொஞ்சம் பிந்தி வருகிறது பாருங்கள், இவள் பயந்திருக்கிறாள் என்று அந்த விரல் மட்டும்தான் சொல்கிறது, முகம் சொல்லவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து அந்த விரலைப் பிந்த வைத்திருக்கிறார்கள்.

அம்மா பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கமே திரும்பாதவள் போல இருந்தவள், "அந்தக் கைய இன்னொரு தடவை போடு" என்றாள். மகள் போட்டாள். அம்மா பார்த்தாள். பிறகு மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஏதாவது சொல்லலாமென்றாலும் சட்டப்படி முடியாது.

அந்த வாரக் கடைசியில் மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அப்பா குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, வாயின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெள்ளிமுடிப் பெண்ணின் சிரிப்பு. அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இதற்குத்தானா? தோற்க மட்டுமே தெரிந்த மனிதர், தனக்காக ஜெயிக்கக் கற்றுக்கொள்ளத்தான் பிடிக்காத தொடரை இழுத்துப்பிடித்துப் பார்க்கிறாரா? தன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதென்று நினைத்தாள். பாதி விடைதான் அது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அம்மா கலைத்துப் போட்டாள். மகள் அம்மாவுக்குப் பின்னால் முக்காலியில் இருந்தாள். அப்பா சீட்டை விரித்துப் பிடித்து, வாயின் ஓரத்தைத் தூக்கினார்.

"என்னங்க, பல்லு வலியா?" என்றாள் அம்மா.

சிரிப்பு இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, தொடரில் செய்வது போல எதிராளியின் கண்ணுக்குள் ஊடுருவிப் பார்த்தார். தூரப் பார்வைக் கண்ணாடியைக் கொண்டுவரட்டுமா என்று அம்மா கேட்டாள். அதோடு வித்தைகள் தீர்ந்துபோயின. சாதாரணமாக ஆட ஆரம்பித்தார்.

ஆட்டம் பாதியில் அவர் டைமண்ட் ஏழாம் சீட்டைக் கீழே போட்டார். போட்ட கை மேஜைமேலேயே நின்றுவிட்டது. பழக்கதோஷம் என்று மகளுக்குப் புரிந்தது. தேவையான சீட்டு வந்ததும் கை தானாகத் தூக்கிப் போட்டுவிட்டது. அதைவிட மோசம், அம்மாவின் கையில் டைமண்ட் ஐந்தும் ஆறும் எட்டும் வரிசையாக நின்றன. அந்தச் சீட்டை எடுத்தால் அம்மா முடித்துவிடுவாள்.

அம்மா அந்தச் சீட்டைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்திருந்த கட்டிலிருந்து வேறு சீட்டை எடுத்தாள்.

கவனிக்கவில்லை போல, என்று முதலில் நினைத்தாள் மகள். அலமாரியில் இடம் மாறிப்போன மாத்திரை அட்டையை வாசலிலிருந்தே கண்டுபிடிக்கிற அம்மாவா கவனிக்காமல் இருப்பாள்? அடுத்த தடவை அம்மா சேர்ந்திருந்த மூன்று ராணிகளில் ஒன்றை உருவிக் கீழே போட்டாள். அதற்கடுத்து ஜோக்கரையே போட்டாள். ஜோக்கரை யாராவது போடுவார்களா?

அம்மா தோற்கப் பார்க்கிறாள். போயிட்டு வா என்று சொல்ல மனசு வந்துவிட்டது, சட்டம் விடவில்லை. அந்த வீட்டில் அதைச் சொல்ல அவளுக்கு இருந்தது இந்த ஒரே வழி. மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பா சீக்கிரம் ஜெயித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அப்பா ஜெயிக்கவில்லை. கட்டு தீர்ந்தது. கீழே கிடந்ததைக் கலைத்து மறுபடி கவிழ்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. பூனை மேஜைமேல் ஏறி, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு இறங்கிப்போனது. உலகத்திலேயே இவ்வளவு மெதுவாக ஒரு ரம்மி நடந்திருக்காது. மகள் தண்ணீர் எடுப்பதற்காக எழுந்து, அப்பாவின் முதுகுப் பக்கமாகப் போனாள். அவர் கையைப் பார்த்தாள்.

எல்லாம் சேர்ந்திருந்தது. ஒரு சீட்டு மிச்சமில்லை. எப்போது வேண்டுமானாலும் கீழே விரித்து முடித்திருக்கலாம். அப்பா கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார், பார்த்தார், அதையே கீழே போட்டார். அடுத்த முறையும் அதையே செய்தார்.

மகளுக்கு முதலில் வந்தது கோபம். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், போ என்று அனுப்பவே ஆடுகிற மனிதர், இப்போது போய் இப்படியா? பிறகு சீட்டைக் கீழே போடுகிற அந்தக் கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் பிந்திக்கொண்டிருந்தது. டம்ளரை எடுக்காமலே நின்றாள்.

அம்மா சீட்டைத் தாழ்த்திவிட்டுக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. குதிகால் தூக்கி, விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு.

"ஏங்க," என்றாள் அம்மா மெதுவாக. "கால எடுங்க."

"எந்தக் கால?"

"பிரேக்குல வச்சிருக்கீங்களே, அந்தக் கால."

அப்பா குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல அதைப் பார்த்தார். பிறகு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, சீட்டுகளை மேஜைமேல் விரித்தார். ஜெயித்தேன் என்று சொல்லவில்லை. "முடிஞ்சுது" என்றார்.

"எப்ப முடிஞ்சுது?"

"இப்பதான்."

"பொய்யி" என்றாள் அம்மா. தன் சீட்டுகளை யாருக்கும் காட்டாமல் கட்டுக்குள் செருகினாள். "இத்தன வருஷமா நீங்க தூக்கித் தூக்கிப் போட்டதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கு அலுத்தே போச்சு."

அப்பா திடுக்கிட்டார். "தெரிஞ்சா அப்புறம் ஏன் எடுத்தே?"

"தோத்த அன்னைக்குத்தான் நீங்க குறட்டைவிட்டு நிம்மதியா தூங்குறீங்க. அத எதுக்குக் கெடுக்கணும்?" மகளைப் பார்த்துத் திரும்பினாள். "என்னடி நிக்கிற? போய் அவங்களுக்கு வர்றேன்னு சொல்லு. அப்படியே அலாரம் வைக்கக் கத்துக்க."

அன்றிரவு அம்மா புரளவே இல்லையாம். கட்டில் சத்தம் போட்டது அப்பா பக்கத்திலிருந்து.

மகள் கிளம்பிய காலையில் ரயில் நிலையத்துக்கு அந்த வெள்ளைக் காரிலேயே போனார்கள். ஓட்டியது அவள். அம்மா பெட்டியோடு பின்னால் இருந்தாள். தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. வழக்கம்போல வண்டி தானாக நிற்கும் என்று மகள் இருந்தாள், நிற்கவில்லை. பதறிப்போய்த் தானே காலை வைத்து அழுத்தினாள். கார் குலுங்கி நின்றது. நாய் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போனது. அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா பக்கத்து இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் வலது காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் போடுறே" என்றார், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

இப்போது அந்தத் தொடரின் அடுத்த பகுதி வந்திருக்கிறது. அவள் விடுதியில் பார்க்கிறாள். அவர் வீட்டில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு பார்க்கிறார். பாகம் முடிந்ததும் தொலைபேசி வரும். வாத்தியார் இன்னும் வரவில்லை என்று புகார் சொல்வார். தொடர் அவருக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்காருவதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். ஓட்டுகிறவர் எந்த வழியில் போனாலும் உட்காருவார். அவள் கேட்ட கேள்விக்கு மீதிப் பாதி விடை அதுதான்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் எந்த ஆட்டத்திலும் தோற்றுக்கொண்டே இருக்கிற ஒருவர் இருப்பார். இந்தக் கதையை அவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது அவர் காலையும் கொஞ்சம் கவனியுங்கள்.